இரண்டு வட்டு, ஒரு மவுண்ட்: மிரர் ரெய்டின் பூட் கணக்கு

4 டிபி என்று மேலே அச்சிட்டிருக்கும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் 7,81,40,37,168 செக்டர்கள் இருக்கின்றன. செக்டர் ஒன்றுக்கு 512 பைட். பெருக்கினால் 40,00,78,70,30,016 பைட். இப்படி இரண்டு வட்டுகளை வாங்கி லினக்ஸில் ரெய்டு 1 ஆக, அதாவது ஒன்றில் எழுதுவதெல்லாம் மற்றதிலும் எழுதப்படும் மிரராக இணைத்தால், கைக்கு வருவது 8 டிபி அல்ல, 4 டிபிதான். வட்டு என்ன விலைக்கு வந்தாலும் ஒரு டிபிக்கு ஆகும் செலவு நேர் இரட்டிப்பு. மின்சாரமும் அப்படியே. சும்மா சுழலும் வட்டு 5 வாட் எடுப்பதாக வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 43.8 யூனிட், இரண்டுக்கு 87.6.

இந்த இரண்டு செலவையும் கடைக்குப் போகும் முன்பே எல்லோரும் போட்டுப் பார்த்துவிடுகிறார்கள். பலரும் போடாமல் விடுவது பூட் கணக்கை. இயந்திரம் எழும்போது அந்த மிரர் தானாகக் கூடி, நாம் சொன்ன கோப்புறையில் மவுண்ட் ஆக வேண்டும். ஒரு வட்டு செத்துப்போன நாளிலும் ஆக வேண்டும். அதற்காகத்தான் இரண்டாவது வட்டுக்குக் காசு கொடுத்தோம். அது நடக்குமா நடக்காதா என்பதைத் தீர்மானிக்கும் எண்கள் டெராபைட்டில் இல்லை. சில பைட்டுகள், இரண்டு கோப்பில் இரண்டு வரிகள், 30 வினாடி, 90 வினாடி என்ற அளவில்தான் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எழுதிப் பார்ப்போம்.

கணக்குக்கு ஒரு இயந்திரம் வேண்டும். டெபியன் ஓடும் ஒரு சிறிய சர்வர் என்று கொள்வோம். இயங்குதளம் தனி எஸ்எஸ்டியில். தரவுக்கு மட்டும் இரண்டு 4 டிபி வட்டுகள். இணைக்கும் கருவி நீல் பிரவுன் எழுதிய எம்டிஏடிஎம். உபுண்டுவிலும் இதே நடைமுறைதான். ஃபெடோராவிலும் ரெட் ஹேட்டிலும் கோப்பு இருக்கும் இடமும் ஒரு கட்டளையின் பெயரும் மாறும், கணக்கு மாறாது. அலகைப் பற்றி ஒரு சொல்: டிபி, ஜிபி என்றால் இங்கே 1000 கணக்கு, கேஐபி, எம்ஐபி, ஜிஐபி என்றால் 1024 கணக்கு. இரண்டையும் கலந்தால் 4 டிபி வட்டில் 9 விழுக்காடு காணாமல் போனதுபோல் தோன்றும்.

இடம்

ஒரு வட்டின் முழு அளவு 3,90,70,18,584 கேஐபி. அதில் ஒரே ஒரு பார்ட்டிஷன் போடுகிறோம். அது வழக்கப்படி 2048ஆவது செக்டரில், அதாவது சரியாக 1 எம்ஐபி தாண்டித் தொடங்கும். அந்தப் பார்ட்டிஷனுக்குள் எம்டிஏடிஎம் தன் அடையாளத்தை எழுதும் இடத்துக்கு சூப்பர்பிளாக் என்று பெயர். இப்போது இயல்பாக வரும் 1.2 வடிவத்தில் அது பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து 4 கேஐபி தள்ளி இருக்கும். அதன் அளவு 256 பைட், கூடவே வட்டு ஒன்றுக்கு 2 பைட். உண்மையான தரவு தொடங்குவது 2,64,192 செக்டர் தள்ளி. அதாவது 129 எம்ஐபி. நடுவில் விட்ட இடத்தில் பெரும்பகுதி, பின்னாளில் ரெய்டின் அமைப்பை மாற்றும்போது தேவைப்படும் என்று ஒதுக்கியது. மிச்சத்தை 64 கேஐபிக்கு வெட்டிச் சமன் செய்தால் மிரரின் அளவு 3,90,68,85,440 கேஐபி. ப்ராக் கோப்புறையில் இருக்கும் எம்டிஸ்டாட் கோப்பைத் திறந்தால் இந்த எண்ணையே காணலாம்.

கழித்தல் கணக்கு: 1,33,144 கேஐபி, சுமார் 130 எம்ஐபி. மொத்தத்தில் 0.0034 விழுக்காடு. மிரர் நம்மிடம் வாங்கும் இடவாடகை இவ்வளவுதான்.

இதன்மேல் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை போட்டதும் கணக்கின் தோற்றமே மாறிவிடுகிறது. 16 கேஐபிக்கு ஒரு ஐநோட் (கோப்பு ஒன்றின் விவரப் பதிவு) என்ற இயல்பு விகிதத்தில் 24 கோடியே 41 லட்சம் ஐநோட்கள். ஒன்றுக்கு 256 பைட் என்றால் 58.2 ஜிஐபி. ரூட் பயனருக்கென்று ஒதுக்கும் 5 விழுக்காடு இன்னும் பெரியது: 186.3 ஜிஐபி. ரெய்டு எடுத்ததைப்போல 1,400 மடங்குக்கு மேல். அந்த ஒதுக்கீடு இயங்குதளம் இருக்கும் வட்டு நிரம்பித் திணறாமல் இருக்க வந்தது. தரவு மட்டும் இருக்கும் வட்டில் 1 விழுக்காடு போதும். ஒரே கட்டளையில் 149 ஜிஐபி திரும்பி வரும். இடம் போதவில்லை என்று கவலைப்படுபவர்கள் முதலில் திருத்த வேண்டிய எண் இது.

அந்த 4 கேஐபி தள்ளி எழுதும் ஏற்பாட்டில் பூட்டுக்குத் தேவையான ஒரு நன்மை ஒளிந்திருக்கிறது. பழைய 0.90 வடிவமும் 1.0 வடிவமும் சூப்பர்பிளாக்கை வட்டின் வால் பக்கம் எழுதின. அப்போது பார்ட்டிஷனின் முதல் பைட்டிலிருந்தே கோப்பு முறைமை தொடங்கிவிடும். எக்ஸ்ட்4 தன் அடையாளத்தை 1024ஆவது பைட்டில் வைத்திருப்பதால், மிரரின் பாதியான ஒற்றை வட்டும் பார்வைக்குச் சாதாரண எக்ஸ்ட்4 வட்டுபோலவே இருக்கும். அதை யாராவது, அல்லது ஏதாவது ஒரு நிரல், நேரடியாக மவுண்ட் செய்து எழுதிவிட்டால் எழுதியது ஒரு வட்டில் மட்டும் இருக்கும். மற்றதற்குத் தெரியாது. ரெய்டும் இரண்டும் ஒன்றுதான் என்றே நம்பிக்கொண்டிருக்கும். 1.2 வடிவத்தில் ஒற்றை வட்டின் தொடக்கத்தில் கோப்பு முறைமையே தென்படாது. தரவு வட்டுக்கு 1.2 தவிர வேறு எதையும் தேர்ந்தெடுக்க நான் காரணம் காணவில்லை.

பழைய வழிகாட்டிகள் பலவற்றில், பார்ட்டிஷன் வகையைச் சரியாகக் குறித்தால் கெர்னலே பூட்டின்போது ரெய்டைக் கூட்டிவிடும் என்று இருக்கும். அது 0.90 வடிவத்துக்கு மட்டுமே பொருந்தும். 1.2இல் கூட்டும் வேலை எம்டிஏடிஎம்முடையது, கெர்னலுடையது அல்ல.

8ஆவது செக்டர்

பார்ட்டிஷன் எதற்கு, முழு வட்டையும் அப்படியே ரெய்டுக்குக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். எம்டிஏடிஎம் அதை மறுக்காது. ஆனால் ஒரு சின்னக் கணக்கு போட வேண்டும்.

ஜிபிடி என்ற பார்ட்டிஷன் அட்டவணை வட்டின் முதல் 34 செக்டர்களை எடுத்துக்கொள்கிறது: 17,408 பைட். அதில் 2 முதல் 33 வரையிலான செக்டர்களில் 128 பதிவுகள், ஒவ்வொன்றும் 128 பைட். இதே அட்டவணையின் நகல் ஒன்று வட்டின் கடைசி 33 செக்டர்களில் இருக்கும். இப்போது முழு வட்டையும் ரெய்டுக்குக் கொடுத்தால் சூப்பர்பிளாக் 4,096ஆவது பைட்டில் அமரும். 512ஆல் வகுத்தால் 8ஆவது செக்டர். நேராக ஜிபிடியின் மடியில்.

முன்பு வேறெங்காவது பயன்பட்ட வட்டு என்றால் வாலில் அந்த நகல் அழியாமல் இருக்கலாம். சில மதர்போர்டுகளின் ஃபர்ம்வேர், தலையில் அட்டவணை இல்லை, வாலில் இருக்கிறது என்று கண்டதும், தலை பழுதாகிவிட்டது என்று முடிவு செய்து வாலிலிருந்து எடுத்துத் தலையில் எழுதிவிடும். லினக்ஸ் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. 8ஆவது செக்டர் போயிற்று. இரண்டு வட்டுக்கும் ஒரே பூட்டில் இது நடக்கும் என்பதுதான் இதில் கொடுமை. ஒரு வட்டு போனால் மற்றது காக்கும் என்ற ஏற்பாடு, இரண்டுக்கும் ஒரே அடி விழும்போது எதையும் காக்காது. தரவு அழிவதில்லை, ஆனால் அடுத்த பூட்டில் ரெய்டு என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமே இராது.

தப்பிக்க ஆகும் செலவு 1 எம்ஐபி. மொத்த வட்டில் 38 லட்சத்தில் ஒரு பங்கு. புது ஜிபிடி எழுதி, ஒரு பார்ட்டிஷன் போட்டு, வகையை லினக்ஸ் ரெய்டு என்று குறித்துவிட்டால் எந்த ஃபர்ம்வேரும் அதைத் தொடாது. கூடவே, பார்ட்டிஷனை வட்டின் கடைசிச் செக்டர் வரை இழுக்காமல் 100 எம்ஐபி விட்டுவைப்பதும் நல்லது. நாளை மாற்று வட்டு சில செக்டர் குறைவாக வந்தால் அந்த 100 எம்ஐபி கைகொடுக்கும்.

நான்கு எண், இரண்டு வரி

பூட் தவறிப்போகும் இடங்களில் அதிகம் பேர் இடறுவது பெயரில்தான். இந்த மிரரில் மொத்தம் நான்கு 128 பிட் அடையாள எண்கள் இருக்கின்றன. ரெய்டுக்கு ஒரு யுயுஐடி. அது இரண்டு வட்டின் சூப்பர்பிளாக்கிலும் ஒன்றுபோல இருக்கும். வட்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒன்று, ஆக இரண்டு. மேலே போட்ட எக்ஸ்ட்4க்கு ஒன்று. நான்கில் இரண்டை மட்டுமே நாம் எங்கும் எழுத வேண்டும்.

ரெய்டின் யுயுஐடியை எம்டிஏடிஎம் காட்டும்போது எட்டெட்டு இலக்கமாக நான்கு கட்டு, நடுவில் மூன்று முக்காற்புள்ளி: 35 எழுத்து. இது எம்டிஏடிஎம்மின் கான்ஃபிக் கோப்புக்குப் போக வேண்டும். கோப்பு முறைமையின் யுயுஐடியில் 32 இலக்கமும் நான்கு சிறுகோடும்: 36 எழுத்து. இது, பூட்டின்போது எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்புக்கு. இவ்வளவு எளிது என்று நினைக்கும்போதுதான் ஒரு பொறி. பார்ட்டிஷன்களைப் பட்டியலிடும் பிஎல்கேஐடி கட்டளை, ரெய்டின் யுயுஐடியையும் சிறுகோடு போட்டு 36 எழுத்தாகவே காட்டும். எஸ்டிபி1 என்ற வரியிலிருந்து அதை நகலெடுத்து எஃப்எஸ்டேப்பில் ஒட்டினால் மவுண்ட் ஒருநாளும் நடக்காது. வகை லினக்ஸ் ரெய்டு உறுப்பினர் என்றிருக்கும் வரியை விட்டுவிட்டு, எக்ஸ்ட்4 என்றிருக்கும் எம்டி வரியிலிருந்து எடுக்க வேண்டும்.

எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை எஃப்எஸ்டேப்பில் எழுதவே கூடாது. எந்த வட்டு முதலில் கண்ணில் பட்டதோ அதற்கு முதல் எழுத்து. ஒரு யுஎஸ்பி வட்டைச் செருகிவைத்து பூட் செய்தால் வரிசை மாறிவிடலாம். எம்டி0 என்று எழுதுவதும் அதே அளவு ஆபத்து. ரெய்டை உருவாக்கும்போது எம்டி0 என்று பெயர் வைத்தவர் மறு பூட்டில் எம்டி127 என்று பார்த்துத் திகைப்பது மிகப் பழைய கதை. தனக்கு முன்பின் அறிமுகமில்லாத ரெய்டு என்று எம்டிஏடிஎம் கருதினால் 127இல் தொடங்கிக் கீழ்நோக்கி எண் கொடுக்கும்: 127, 126, 125. அறிமுகம் இல்லாமல் போவதற்குக் காரணம் இரண்டு. கான்ஃபிக் கோப்பில் அந்த ரெய்டின் வரி இல்லாதது ஒன்று. சூப்பர்பிளாக்கில் 32 பைட் இடத்தில் எழுதியிருக்கும் பெயருக்கு முன்னால் உள்ள கணினிப் பெயர், இப்போதைய கணினிப் பெயரோடு பொருந்தாதது மற்றொன்று.

வரி எழுதியும் 127 வருகிறதே என்பவர்களுக்கு விடை இனிட்ராம்எஃப்எஸ்ஸில் இருக்கிறது. கெர்னல் எழுந்ததும் முதலில் திறக்கும் அந்தச் சிறு பெட்டகத்துக்குள் எம்டிஏடிஎம் கான்ஃபிக்கின் ஒரு நகல் இருக்கிறது. பெட்டகம் கட்டிய நாளில் கோப்பு எப்படி இருந்ததோ அப்படி. வெளியே கோப்பைத் திருத்தினால் உள்ளே இருக்கும் நகல் மாறாது. அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையை ஓட்ட வேண்டும். அந்தக் கட்டளை இயல்பாகப் புதுப்பிப்பது கடைசிக் கெர்னலின் பெட்டகத்தை மட்டும். இயந்திரத்தில் மூன்று கெர்னல் இருந்தால் ஒன்று புதிது, இரண்டு பழசு. எல்லாக் கெர்னலுக்கும் என்று சேர்த்துச் சொன்னால் மூன்றும் சரியாகும். கூடுதல் செலவு ஒரு நிமிடத்துக்குள்.

ரெய்டின் வரியை எம்டிஏடிஎம்மே தயாரித்துத் தரும். அதைக் கோப்பின் கடைசியில் ஒட்டச் சொல்லி எல்லா வழிகாட்டிகளும் கற்பிக்கின்றன. இரண்டு முறை செய்தால் இரண்டு வரி வந்துவிடும். ஒரு ரெய்டுக்கு ஒரே வரி. திறந்து எண்ணிப் பாருங்கள்.

வினாடிகள்

எஃப்எஸ்டேப் வரியில் ஆறு புலங்கள்: யுயுஐடி, மவுண்ட் செய்யும் கோப்புறை, எக்ஸ்ட்4, விருப்பங்கள், 0, 2. விருப்பங்களுக்கு நடுவே காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டால் ஆறு ஏழாகும், வரி பாழாகும். எழுதி முடித்ததும் ஃபைண்ட்எம்என்டி கட்டளையைச் சரிபார்க்கும் முறையில் ஓட்டினால் பிழைகளைச் சொல்லிவிடும். இனி காலக்கெடுக்களைப் பார்ப்போம்.

இரண்டு வட்டும் நலமாக இருக்கும் நாளில் கணக்கே இல்லை. வட்டு சுழன்று தயாராகச் சுமார் 20 வினாடி. முதல் வட்டு தெரிந்ததும், சாதனங்களைக் கவனிக்கும் யுதேவ் அதை எம்டிஏடிஎம்மிடம் ஒப்படைக்கும், இரண்டாவது தெரிந்ததும் அதையும். இரண்டும் சேர்ந்த கணத்தில் ரெய்டு ஓடத் தொடங்கும், காத்திருப்பு 0.

ஒரு வட்டு வராத நாளின் கணக்கு:

வட்டு சுழன்று தயாராக: சுமார் 20 வினாடி.
மற்ற வட்டு வருமா என்று எம்டிஏடிஎம்மின் கடைசி முயற்சி டைமர் காத்திருப்பது: 30 வினாடி.
அதன் பிறகு ஒற்றை வட்டோடு ரெய்டு தொடங்குவது: மொத்தம் சுமார் 50ஆவது வினாடி.
மவுண்டுக்கு உரிய சாதனம் வரட்டும் என்று, பூட்டை நடத்தும் சிஸ்டம்டி இயல்பாகக் காத்திருப்பது: 90 வினாடி.

ஆக 40 வினாடி மிச்சம். இயல்பு எண்களை யாரும் தொடாவிட்டால் ஒற்றை வட்டிலும் மவுண்ட் ஆகப் போதிய நேரம் இருக்கிறது. ஆனால் பூட் தாமதமாகிறதே என்று இந்த 90ஐக் குறைப்பவர்கள் உண்டு. எஃப்எஸ்டேப்பில் சாதனக் காத்திருப்பு 10 என்றோ 30 என்றோ ஒரு விருப்பத்தைச் சேர்த்தால் போதும், குறைந்துவிடும். நலமான நாட்களில் அது எந்தத் தீங்கும் செய்யாது, மாதக்கணக்கில் சரியாகவே ஓடும். வட்டு சாகும் நாளில், டைமரின் 30 வினாடி முடியும் முன்பே சிஸ்டம்டி கைவிட்டுவிடும். இரட்டை விலை கொடுத்து வாங்கியது எந்த நாளுக்கோ அந்த நாளில் மட்டும் வேலை செய்யாத அமைப்பு அது. 60 வினாடிக்குக் கீழே இந்த எண்ணைக் கொண்டுபோகாதீர்கள். முடிந்தால் 90ஐ அப்படியே விடுங்கள்.

ஒரு வட்டு இல்லை என்பது மிஞ்சிய வட்டின் சூப்பர்பிளாக்கில் பதிவான பிறகு, அடுத்த பூட்டில் அந்த 30 வினாடியும் இராது. வராத வட்டுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். முதல் பூட்டுதான் சோதனை.

90 வினாடி கழித்தும் சாதனம் வராவிட்டால்? வரியில் நோஃபெயில் என்ற விருப்பம் இல்லையென்றால் சிஸ்டம்டி பூட்டையே நிறுத்தி அவசர நிலைக்குப் போகும். திரையும் கீபோர்டும் ரூட் கடவுச்சொல்லும் வேண்டும். எஸ்எஸ்ஹெச் எழுந்திருக்காது. இயந்திரம் வேறு ஊரில் இருந்தால் பஸ் டிக்கெட் செலவையும் இந்தக் கணக்கில் எழுத வேண்டும். தரவு வட்டு வராததற்காக முழு இயந்திரமும் கைக்கெட்டாமல் போவது தேவையற்ற தண்டனை. எனவே நோஃபெயில் எழுதுங்கள்.

எழுதினால் ஒரு கடனும் சேர்ந்து வருகிறது, அதைத்தான் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. நோஃபெயில் போட்ட மவுண்டுக்காக பூட் காத்திருக்காது. மற்ற சேவைகள் அதற்கு முன்பே எழுந்துவிடலாம். மவுண்ட் ஆகாத கோப்புறை என்பது எஸ்எஸ்டியில் இருக்கும் ஒரு வெற்றுக் கோப்புறைதான். அதில் எழுத எந்தத் தடையும் இல்லை. மணிக்கு 2 ஜிபி எழுதும் கேமராப் பதிவு ஒன்று, எஸ்எஸ்டியில் காலியாக இருக்கும் 60 ஜிபியை 30 மணி நேரத்தில் நிரப்பிவிடும். பிறகு இயங்குதளமே திணறும். அதைவிட மோசம், பின்னர் மவுண்ட் சரியானதும் அந்தக் கோப்புகள் மேலே வந்த வட்டுக்கு அடியில் மறைந்துவிடும். இருக்கும், தெரியாது. எஸ்எஸ்டி ஏன் நிரம்பியிருக்கிறது என்று நாள்கணக்கில் தேட வைக்கும்.

கடனைத் தீர்க்க இரண்டு வரி. மவுண்ட் ஆகாத நிலையில் அந்த வெற்றுக் கோப்புறைக்கு மாற்ற முடியாது என்ற பண்பை இட்டுவிட்டால், ரூட் பயனராலும் அதில் எழுத முடியாது. மேலே வட்டு மவுண்ட் ஆனதும் அந்தப் பண்பு குறுக்கே வராது. இது ஒன்று. அந்தக் கோப்புறையைப் பயன்படுத்தும் ஒவ்வொரு சேவையின் யூனிட் கோப்பிலும் இந்த மவுண்ட் தேவை என்று ஒரு வரி சேர்ப்பது இன்னொன்று. மவுண்ட் வரும்வரை அந்தச் சேவை தொடங்காது. நோஃபெயிலை எழுதுபவர் இந்த இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். தனியாக அது பாதி வேலை.

மணி நேரங்கள்

மின்சாரம் போய் இயந்திரம் அணைந்தது. இரண்டு வட்டில் எழுதிக்கொண்டிருந்தது ஒன்றில் முடிந்திருக்கலாம், மற்றதில் முடியாமல் இருக்கலாம். எந்த இடத்தில் வேறுபாடு என்று தெரியாவிட்டால் முழு வட்டையும் முதலிலிருந்து ஒப்பேற்ற, அதாவது ஒன்றிலிருந்து மற்றதற்கு நகலெடுத்துச் சமமாக்க வேண்டும். சராசரியாக வினாடிக்கு 150 எம்பி என்றால் 7 மணி 24 நிமிடம். ரெய்டின் இயல்பு மேல் வரம்பான 2,00,000 கேஐபி வேகத்தில் ஓடினாலும் 5 மணி 25 நிமிடம். வட்டில் வேறு வேலை நெருக்கும்போது வேகம் 1,000 கேஐபி என்ற கீழ் வரம்பு வரை இறங்கலாம். நாள் முழுதும் அப்படியே ஓடினால் 45 நாள்.

இதிலிருந்து காப்பது பிட்மேப். மிரரை 64 எம்ஐபி துண்டுகளாகப் பிரித்தால் 59,615 துண்டு. துண்டுக்கு ஒரு பிட். எழுதப்போகும் துண்டின் பிட்டை முதலில் ஏற்றிவிட்டு, எழுதி முடித்த சற்று நேரத்தில் இறக்குவார்கள். மின்சாரம் போன நேரத்தில் 40 துண்டுகள் ஏறியிருந்தன என்றால் ஒப்பேற்ற வேண்டியது 2.5 ஜிஐபி மட்டும்: 18 வினாடி. 7 மணி 24 நிமிடம் 18 வினாடியாகக் குறைந்ததற்குச் செலவு? 59,615 பிட் என்பது 7,452 பைட். இந்தக் கணக்கேடு முழுதிலும் இவ்வளவு மலிவான பேரம் வேறில்லை. 100 ஜிபிக்கு மேற்பட்ட வட்டுகளில் எம்டிஏடிஎம் இதைத் தானாகவே சேர்த்துவிடும். எம்டிஸ்டாட்டில் பிட்மேப் என்ற வரி இருக்கிறதா என்று பார்த்தால் போதும். 4 டிபிக்கு 30 பக்கம் என்று காட்டும்.

முதன்முதல் ரெய்டை உருவாக்கும்போது நடக்கும் முழு ஒப்பேற்றலுக்காக 7 மணி நேரம் கைகட்டி உட்கார வேண்டாம். நடுவிலேயே கோப்பு முறைமை போடலாம், எழுதலாம், மறுபூட்டும் செய்யலாம். விட்ட இடத்திலிருந்து தொடரும்.

டெபியனில் மாதத்துக்கு ஒருமுறை, முதல் ஞாயிறு அதிகாலையில், இரண்டு வட்டையும் முழுதாகப் படித்து ஒப்பிடும் வேலை தானாக நடக்கும். ஆண்டுக்கு 12 முறை, 7 மணி 24 நிமிடம் வீதம் சுமார் 89 மணி நேரம். வட்டு மெதுவாகிறது என்று இதை நிறுத்திவிடுபவர்களிடம் ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். சாதாரண வட்டுகளின் விவரத்தாளில், படிக்க முடியாத பிழை 12.5 டிபி படிப்புக்கு ஒன்றுக்கும் குறைவு என்ற உத்தரவாதம் இருக்கும். 4 டிபி வட்டை மூன்று முறை முழுதாகப் படித்தாலே 12 டிபி. ஒரு வட்டு செத்த பின் மிஞ்சியதிலிருந்து புது வட்டுக்கு நகலெடுக்கும்போது முதன்முறையாக அந்தப் பிழையைச் சந்திப்பதைவிட, இரண்டும் உயிரோடு இருக்கும்போது சந்தித்து, நல்ல பிரதியிலிருந்து திருத்திக்கொள்வதே மேல். 89 மணி நேரத்தையும் கொடுங்கள்.

செய்தியும் சேர வேண்டும். எம்டிஏடிஎம்மின் கண்காணிப்பு நிரல் இயல்பாக 60 வினாடிக்கு ஒருமுறை ரெய்டைப் பார்க்கும், வட்டு விழுந்தால் மின்னஞ்சல் அனுப்பும். கான்ஃபிக்கில் முகவரி ரூட் என்றே இருந்து, இயந்திரத்தில் அஞ்சல் வெளியே போக வழியும் இல்லையென்றால் அந்தக் கடிதத்தை யாரும் படிக்கப்போவதில்லை. யாருக்கும் தெரியாமல் ஒற்றை வட்டில் ஓடும் மிரர் மிரரே அல்ல. அதற்கு இரண்டு வட்டின் விலை கொடுத்திருக்கிறோம், அவ்வளவே. சோதனைக் கடிதம் அனுப்ப ஒரு விருப்பம் இருக்கிறது. அனுப்பி, கைபேசியில் வந்து சேர்ந்ததா என்று பாருங்கள். மிரர் இருக்கிறது என்று பேக்கப்பை விட்டுவிடவும் வேண்டாம்: தவறி ஒரு கோப்பை அழித்தால் அது இரண்டு வட்டிலும் ஒரே கணத்தில் அழியும்.

நான்கு பூட்

இவ்வளவு எண்ணும் தாளில் சரியாக இருந்தாலும், விநியோகத்துக்கு விநியோகம், பதிப்புக்குப் பதிப்பு, இனிட்ராம்எஃப்எஸ்ஸும் யுதேவும் சிஸ்டம்டியும் கைமாற்றிக்கொள்ளும் விதம் வேறுபடுகிறது. ஒற்றை வட்டில் எழுமா என்பதற்கு ஒரே சான்று, ஒற்றை வட்டில் எழுப்பிப் பார்ப்பது.

இயந்திரத்தை முறையாக அணையுங்கள். ஒரு வட்டின் சாட்டா கேபிளைக் கழற்றுங்கள். பூட் செய்து, கடிகாரத்தைப் பாருங்கள். மவுண்ட் ஆகியிருக்க வேண்டும். எம்டிஸ்டாட்டில் 2/2 என்றிருந்தது 2/1 என்றும், இரண்டு யு இருந்த இடத்தில் ஒரு யுவும் ஒரு கோடும் என்றும் இருக்க வேண்டும். கைபேசிக்குக் கடிதம் வந்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அமைப்பு தேறவில்லை. பிறகு அணைத்து, கேபிளை மாட்டி, மறுபடி பூட். கழற்றியிருந்த வட்டு தானாகச் சேராது, அதன் பதிவு பழையதாகிவிட்டது. ஒரு கட்டளையில் மீண்டும் சேர்க்க வேண்டும். பிட்மேப் இருப்பதால் இடையில் எழுதிய துண்டுகள் மட்டும் ஒப்பேறும். 7 மணி நேரம் அல்ல, வினாடிகள். 2/2 திரும்பிய பிறகே இரண்டாவது வட்டைக் கழற்றி அதே சோதனை. அதற்கு முன் ஒருபோதும் கழற்றாதீர்கள். முதலில் ஒன்றை மட்டும் வைத்து எழுதி, ஒப்பேற்றாமல் மற்றதை மட்டும் வைத்தும் எழுதினால், இரண்டும் தானே புதிது என்று சொல்லும். எதை நம்புவது என்று யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

மொத்தம் நான்கு பூட். அரை மணி நேரம் பிடிக்கலாம். மிரர் வைத்திருப்பவர்கள் இதை ஒருமுறையாவது செய்துவிடுங்கள். புதிதாக அமைப்பவர்கள், முதல் கோப்பை அதில் வைப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள்.